வானேறிய முன்னோரும் வழிவந்தோர் கடமையும்

"எங்கள் பாட்டனார் யுத்தகாலத்தில் விமானம் ஓட்டியவர்" என்று ஒருவர் கூறக் கேட்டால் நாம் மகிழ்கின்றோம். எந்த ஆண்டில், எந்தப் படையில், என்ன பதவியில் என்று வினவினாலோ விடை வருதல் அரிது. குடும்பப் பெருமை வளர, குடும்ப வரலாறு தேய்ந்துகொண்டே போகின்றது. இதனைத் தடுக்க நாம் செய்யத்தக்கது யாது என்பதே ஈண்டு எண்ணற்பாலது.

முதலாம் உலக யுத்தத்தில் விமானிகளாய் விளங்கிய இந்தியர் மிகச் சிலரே. கல்கத்தாவிற் பிறந்த இந்திரலால் றோய் 1918 யூலையில் பகைவர் விமானங்கள் பத்தினை வென்று, அம்மாதம் 22 ஆம் நாள் தமது பத்தொன்பதாம் வயதில் உயிர்நீத்தார். அவர் பெயர் நிலைத்தது. பம்பாயைச் சேர்ந்த வெலிங்கர் என்னும் விமானியின் கதையோ வேறு. 1918 யூன் இறுதியில் அவர் காயமுற்றுப் பகைவர் கையில் இறந்தார். ஜெர்மானியர் இட்ட கல்லறையில் அவர் பெயர் "வும்கர்" என்று சிதைந்து நின்றது. அவரைச் சார்ந்தோர் விடாது விசாரித்தமையாலும், உண்மைப் பெயரும் விபரமும் அவர்களிடம் இருந்தமையாலுமே அக்கல்லறை அவருடையதெனத் துணியப்பட்டது.

குடும்பப் பெயருடைய ஒருவருக்கே இக்கதி நேருமாயின், நம்மவர் நிலை என்னாகும்? நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரே முன்னெழுத்தாகின்றது. கந்தையா மகன் சின்னத்தம்பி, ஓர் ஏட்டிற் சின்னத்தம்பியாகவும் மற்றோர் ஏட்டிற் கந்தையாவாகவும் பதியப்பட்டிருக்கலாம். ஆங்கிலத்திற் சின்னத்தம்பி "சி" எழுத்திலும் தொடங்குவார், "எஸ்" எழுத்திலும் தொடங்குவார். பிறந்த ஊர் வேலணையோ நெடுந்தீவோ ஆயினும், பதிவில் "யாழ்ப்பாணம்" என்றோ, வேலை பார்த்த மலாயா என்றோ இருத்தல் கூடும்.

ஏடுகள் இல்லாமற் போகவில்லை. யுத்தங்களில் மாண்டோர் பெயர்களைப் பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழு எவரும் தேடிப் பார்க்க வைத்துள்ளது. கல்லறை அறியப்படாதோர் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. பிழைத்து மீண்டோரின் பிரித்தானியச் சேவைப் பதிவுகளும் அந்நாட்டிற் பேணப்படுகின்றன. ஆயின், எப்பெயரைத் தேடுவது என்பதை நாமே சொல்லவேண்டும்.

அதனைச் சொல்லும் சான்றுகள் நம்மிடம் அருகிவிட்டன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டது. 1990 இல் தீவகத்தார் பலர் ஊர்விட்டு நீங்கியபோது, கடிதங்களும் படங்களும் இருந்த பெட்டகங்கள் வீடுகளோடு கைவிடப்பட்டன. எஞ்சியிருப்பது முதியோர் நினைவு ஒன்றே. அதுவும் ஆண்டுதோறும் குறைகின்றது.

மற்றொன்றும் கூறல் வேண்டும். ஆகாயப்படையிற் பணிபுரிந்தோர் அனைவரும் விமானிகள் அல்லர். இயந்திரம் பழுதுபார்த்தோரும் கம்பியில்லாத் தந்தி இயக்கினோரும் கணக்கெழுதினோரும் இன்றி ஒரு விமானமும் எழும்பியதில்லை. பதிவேட்டில் நம் பாட்டனார் எழுதுவினைஞர் என்று காணப்படின், நாணுதற்கு என்ன இருக்கின்றது? கற்பித்த விமானியிலும் உண்மையான எழுதுவினைஞரே நமக்கு உறவினர். பிறரது ஆட்சிக்காகப் போரிட்டார் என்று சிலர் குறை கூறலாம். புகழ்வதற்கும் குறை கூறுவதற்கும் முன்னர் அவர் யாவர் என அறிதல் வேண்டுமன்றோ?

ஆதலின் பழைய மாணவர் ஒவ்வொருவரும் இவ்விழா ஆண்டிலே தம் குடும்பத்து மூத்தோரை அணுகி, முன்னோரின் முழுப்பெயர், தந்தை பெயர், ஊர், பிறந்த ஆண்டு, ஆங்கிலத்திற் கையொப்பமிட்ட முறை ஆகியவற்றைக் கேட்டு எழுதி, ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்திற் சேர்ப்பாராக. கேள்வியுற்றது வேறு, பதிவிற் கண்டது வேறு எனப் பிரித்தெழுதுக. வெளிநாடுகளில் வாழ்வோர் அவ்விடத்து ஏடுகளைத் தேடுக. ஊரில் உள்ளோர் மூத்தோரிடம் கேட்டறிக. இவ்விரு முயற்சியும் கூடினாலன்றி, நம் முன்னோர் பலர் அயல்நாட்டு ஏடுகளிற் சிதைந்த பெயர்களாகவே கிடப்பர்.