மீனின் இரத்தம் கூறும் சாட்சி

குளத்தில் மீன் துள்ளினால் ஜலத்துக்குக் குறைவில்லை என்று தீர்மானித்துவிடுவது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். கிரிவலம் வரும் வழியில் அடி அண்ணாமலையருகே குளத்தைக் காண்கிற யாத்திரிகர்களும் இப்படித்தான் எண்ணுவார்கள். பழைய காலத்துக்கு இந்தப் பரீட்சை போதுமானதே. உலோக விஷம் கலந்த ஜலத்துக்கு இது போதாது.

அண்டை ஜில்லாவான ராணிப்பேட்டையைப் பாருங்கள். அங்கே குரோமேட் உப்புச் செய்துவந்த ஆலையொன்று 1990-களில் மூடப்பட்டபோது, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவை வெட்டவெளியில் விட்டுப்போயிற்று. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது. தோல் பதனிடும் குரோமிய உப்பு அவ்வளவு கொடியதன்று. இக்கழிவில் இருந்ததோ ஆறு இணைதிறனுள்ள குரோமியம். செவுள் வழியே மீனுக்குள் புகுந்து, இரத்த அணுக்களின் உள்ளேயும் அது சென்றுவிடும்.

இங்கேதான் ஒரு விநோதம். மனிதனுடைய முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது. மீனின் சிவப்பணுவில் உண்டு. விஷத்தால் குரோமோசோம் முறிந்தால், அணு பிளவுபடும்போது அந்தத் துணுக்கு உட்கருவில் சேராமல் தனித்து நின்றுவிடுகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், நெல்லிக்காய்க்குப் பக்கத்தில் கடுகு ஒட்டியிருப்பதுபோல் தோன்றும். இதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். வாலருகே எடுத்த ஒரு சொட்டு இரத்தம், கண்ணாடித் தகடு, சிறிது சாயம், கல்லூரியில் உள்ள மைக்ராஸ்கோப், பொறுமையாக எண்ணும் கண்கள்: இவ்வளவே. ஈயத்தின் வழி வேறு. ஹீமோகுளோபின் உண்டாவதற்கு வேண்டிய என்ஸைமையே அது முடக்கி, மீனுக்குச் சோகையை வருவிக்கிறது. சோகை முற்றும்வரை அந்த மீனும் பொரிக்கு மேலே வரத்தான் செய்யும்!

கடுகைக் கண்டவுடன் குரோமியத்தின்மேல் பழி போடுவதும் நியாயமன்று. பூச்சிமருந்தாலும் அது தோன்றக்கூடும். ஊறு நேர்ந்ததை இரத்தம் சொல்லும்; ஊறு செய்தவன் யார் என்பதை ரசாயனப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம், பகுதியாகவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமற் போனதாக அதில் கண்டிருக்கிறது. ஆலைக்கு ரூ. 10,000 அபராதம். நிலம் இவ்வளவு கெடுமுன்னரே ஏரி மீன்களின் இரத்தம் எச்சரித்திருக்கும் என்பது என் துணிபு.

ஜவ்வாது மலையில் பிறந்து நம் ஜில்லாவில் ஓடும் செய்யாறும் அந்தப் பாலாற்றில்தான் கலக்கிறது. பாலாற்றங்கரை ஊர்களில் விலங்கியல் பயிலும் மாணவர்கள், மாதந்தோறும் பத்து மீன்களின் இரத்தத்தை எண்ணிக் குறித்து வைக்கலாகாதா?