வழி மறிக்கும் ஹார்ட் டிஸ்க்

நேற்றிரவு வரை ஒழுங்காக வேலை செய்த கம்ப்யூட்டர், இன்று காலையில் விசையை அழுத்தியதும் தன் முத்திரையை மட்டும் காட்டிவிட்டு அப்படியே நின்று விடுகிறது. அல்லது, 'ஆபரேடிங் சிஸ்டம் காணப்படவில்லை' என்ற பொருளில் கறுப்புத் திரையில் ஒரு வரி தோன்றுகிறது. யந்திரம் பாழாயிற்று என்று வீட்டில் ஒரே கலவரம்! பக்கத்தில் பார்த்தாலோ, புகைப்படங்களைப் பத்திரப்படுத்துவதற்காக இரவில் செருகிய வெளி ஹார்ட் டிஸ்க் இன்னும் அங்கேயே இருக்கும். யந்திரத்தை அணைத்து, அதைக் கழற்றிவிட்டு, மறுபடி தொடக்கிப் பாருங்கள். சரியாக எழுந்துவிட்டால் கம்ப்யூட்டருக்குப் பெரிய குறை எதுவும் இல்லையென்று ஆறுதல் கொள்ளலாம்.

இதன் காரணம் யாதெனில், கம்ப்யூட்டர் விழித்தெழும்போது அதை முதலில் நடத்துவது 'பயாஸ்' என்னும் சிறு நிரல். 1981-ல் ஐ.பி.எம். வெளியிட்ட பெர்ஸனல் கம்ப்யூட்டரிலேயே இது உண்டு. இக்காலத்து யந்திரங்களில் 'யூ.ஈ.எஃப்.ஐ.' அதன் ஸ்தானத்தை வகிக்கிறது. எந்த டிஸ்க்கை முதலில் நாடுவது என்று இதனிடம் ஒரு வரிசை இருக்கிறது. வரிசையில் யூ.எஸ்.பி. முன்னால் நின்றால், பழைய முறையில் தொடங்கும் யந்திரம் வெளி டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். அவற்றின் கடைசி இரண்டு பைட்டுகளில் உரிய அடையாளத்தைக் கண்டதும், நம்பிப் பொறுப்பை ஒப்படைத்துவிடும். புகைப்படம் மட்டுமே உள்ள டிஸ்க்கிலும் அந்த அடையாளம் இருப்பதுதான் வினை!

பரிகாரம் சுலபமானது. தொடங்கும் தருணத்தில் எஃப்2, எஃப்10 அல்லது டெலீட் விசையை அழுத்தினால் பெரும்பாலான யந்திரங்களில் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே 'பூட்' என்ற பகுதியில் உள் டிஸ்க்கை முதலாவதாகவும் யூ.எஸ்.பி.யைக் கடைசியாகவும் வைத்துச் சேமித்து விடுங்கள்.

அப்படியும் தீரவில்லையெனில் மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். யூ.எஸ்.பி. 2.0 துவாரம் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. தனி மின் இணைப்பில்லாத 2.5 அங்குல டிஸ்க்குக்கு முந்தையது சில சமயம் போதாது. வேறு கம்பியை மாற்றி, ஹப்பைத் தவிர்த்து, கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகிப் பாருங்கள்.

யந்திரம் எழுந்த பிறகு செருகியும் டிஸ்க் தடுமாறினால், அல்லது 'டக், டக்' என்று ஓசை எழுப்பினால், நோய் டிஸ்க்கினுடையதே. அப்போது 'பார்மட் செய்யட்டுமா?' என்று கேள்வி வந்தால், அவசரப்பட்டுச் சம்மதித்து விடாதீர்கள். அது பழுது பார்க்கும் உபாயமன்று. உள்ளதைப் பறிகொடுக்கும் வழி. படிக்க முடிந்தவற்றை முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்துக் கொண்டு, பிறகு சிகிச்சையைத் தொடங்குங்கள். ஓசை எழுப்பும் டிஸ்க்கில் உள்ளது உயிர் போன்றதாயின், மேலும் ஓட்டாமல் நிபுணரிடம் கொடுப்பதே உத்தமம்.

டிஸ்க்கைக் கடையில் வாங்கலாம்; காலஞ்சென்ற பாட்டியின் புகைப்படத்தை எந்தக் கடையில் வாங்குவது? ஆனபடியால், அருமையானவற்றுக்கு இரண்டு பிரதிகள் வையுங்கள். வேலை முடிந்ததும் டிஸ்க்கை முறைப்படி விடுவித்துக் கழற்றி வையுங்கள். நம் கையாலேயே ஆகக்கூடிய இந்தக் காரியங்களுக்குப் பிறர் கையை எதிர்பார்ப்பானேன்?