முதுமாணிப் பட்டத் தெரிவும் எம்மைத் துரத்தும் பழைய அச்சமும்

ஈஸ்ற்ஹாமிலோ ஹரோவிலோ நடைபெறும் ஒரு பிறந்தநாள் விழாவில், இளையவர் ஒருவர் தாம் முதுமாணிப் பட்டம் படிக்கப் போவதாகக் கூறினால், எமது பெரியவர்கள் இரண்டு கேள்விகளையே கேட்கின்றனர். எந்தப் பல்கலைக்கழகம்? என்ன பாடம்? அப்பாடத்தைச் சென்ற ஆண்டு முடித்தவர்கள் இன்று எங்கே பணிபுரிகின்றனர் என்று எவரும் கேட்பதில்லை. கல்விக்கு நாம் அளிக்கும் மதிப்பைப் பற்றி மேடைதோறும் பேசுகின்றோம். அம்மதிப்பின் அடியில் ஓர் அச்சமும் உறைந்து கிடப்பதை ஏனோ பேசுவதில்லை.

அந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. 1971இல் இலங்கையில் தரப்படுத்தல் கொண்டுவரப்பட்டபோது, மருத்துவ பீடத்துக்குள் நுழையச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகள் போதுமானவையாக இருந்தன. தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவைப்பட்டன. அவ்வாறு கதவடைக்கப்பட்டவர்களுள் பலர் கடல் கடந்து இலண்டன் வந்து பொறியியலும் கணக்கியலும் கற்றனர். பட்டமே உயிர்காக்கும் கவசம் என்ற எண்ணம் அந்தத் தலைமுறையிடம் ஊறியதில் வியப்பில்லை. ஆனால் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வேறொரு சந்தையில் நிற்கின்றனர். இங்கு பல்கலைக்கழகக் கதவுகள் அகலத் திறந்தே உள்ளன. அவற்றுக்கு அப்பால் உள்ள கதவுதான் சிக்கல்.

அண்மையில் ஒரு தந்தையாருடன் உரையாட நேர்ந்தது. அவருடைய மகன் பொருளியலில் இளமாணிப் பட்டம் பெற்றவுடன் உள்ளூராட்சி மன்றமொன்றின் நிதிப் பிரிவில் வேலை கிடைத்ததாம். சம்பளம் சிறிது என்பதால் தந்தையார் அதனை ஏற்கவிடாமல், அனைத்துலக வணிகத்தில் முதுமாணி படிக்க வைத்தார். ஓராண்டின் பின்னர் மகன் அதே தரத்திலுள்ள வேலைகளுக்கே விண்ணப்பித்துக் கொண்டிருந்தார். ஓராண்டு அனுபவமும் போயிற்று, கடனும் ஏறிற்று.

அந்தக் கடனைச் சற்று எண்ணிப் பார்ப்போம். இங்கிலாந்தில் முதுமாணிக் கடன் 2016இல் அறிமுகமானது. ஆண்டு வருமானம் 21,000 பவுணைத் தாண்டியதும், தாண்டிய தொகையில் நூற்றுக்கு 6 வீதம் பிடிக்கப்படும். இளமாணிக் கடனுக்கான 9 வீதம் அதற்குரிய எல்லைக்கு மேல் தனியாகப் பிடிக்கப்படும். 33,000 பவுண் ஊதியம் பெறுபவர் முதுமாணிக் கடனுக்கு மாத்திரம் ஆண்டுக்கு 720 பவுண் செலுத்துவார். படிப்பு ஊதியத்தை உயர்த்தினால் இது பெரிய தொகையன்று. உயர்த்துகின்றதா? ஒத்த பின்னணியும் ஒத்த பெறுபேறுகளும் கொண்டவர்களை ஒப்பிட்டு நிதியியல் ஆய்வு நிறுவகம் 2020இல் வெளியிட்ட ஆய்வு, முதுமாணிப் பட்டத்தால் 35 வயதில் சராசரி ஊதியம் குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை என்றே கண்டது. பாடத்துக்குப் பாடம் வேறுபாடு மிகப் பெரிது என்பதும் அதன் முடிவே.

ஆகவே பட்டத்தின் பெயரை விடுத்து, அது எந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்துகின்றது என்றே பார்க்க வேண்டும். உயிரியலோ விளையாட்டு விஞ்ஞானமோ படித்த ஒருவர் இரண்டாண்டு முதுமாணிக் கற்கையின் மூலம் இயன்மருத்துவராகப் பதிவு பெறலாம். பதிவின்றி எவரும் அப்பெயரில் தொழில் புரிய முடியாது. ஆகையால் அப்பட்டம் ஒரு திறவுகோல். இங்கு வாழும் தகுதியுடைய மாணவருக்கு ஆண்டொன்றுக்கு 5,000 பவுண் திருப்பிச் செலுத்தத் தேவையற்ற உதவியாகவும் கிடைக்கின்றது. (இதுவும் முழு உத்தரவாதமன்று. 2025இல் புதிதாகத் தகுதிபெற்ற தாதியருக்கே வெற்றிடங்கள் போதாமல், அரசு சிறப்பு ஏற்பாடு செய்ய நேர்ந்தது.) மாறாக, சொலிசிற்றர் ஆவதற்கு முதுமாணி கட்டாயமன்று. 2021 செப்ரெம்பர் முதல் எத்துறைப் பட்டதாரியும் தகுதித் தேர்வுகளில் சித்தியடைந்து, இரண்டாண்டுப் பணி அனுபவமும் பெற்று, அத்தொழிலுக்குள் நுழையலாம். பட்டயக் கணக்காளர் தேர்வுகளும் அவ்வாறே வேலை பார்த்துக்கொண்டு எழுதத்தக்கவை. மேற்படிப்பில் உண்மையான ஆர்வம் உள்ளவருக்கு, 1823 முதல் உழைப்போருக்குக் கல்வி புகட்டிவரும் பேர்க்பெக் கல்லூரியின் மாலை வகுப்புகள் இருக்கவே இருக்கின்றன.

தாயகத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் மாணவர் விசாவில் வருவோரின் நிலை இதனினும் கடினமானது. காணி உறுதியை ஈடுவைத்துக் கட்டணம் செலுத்தும் குடும்பங்களை நாம் அறிவோம். முகவர்கள் அவர்களிடம் பட்டத்தின் பெயரைக் கூறுவார்கள், மாதக் கணக்கைக் கூறுவதில்லை. கற்பித்தல்வழி முதுமாணி மாணவர் குடும்பத்தினரை அழைத்துவரும் வசதி 2024 ஜனவரியுடன் நிறுத்தப்பட்டது. திறன்பணியாளர் விசாவுக்கான பொது ஊதிய எல்லை 2025 ஜூலையில் 41,700 பவுணாக உயர்ந்தது. படிப்பை முடித்துப் புதிதாக வேலையில் சேர்வோருக்கு அது குறைவு எனினும், 33,400 பவுணேனும் வேண்டும். அந்த ஊதியத்தையும் அனுசரணையையும் சேர்த்து வழங்கும் தொழில்தருநர் எல்லாத் துறைகளிலும் இல்லை.

பல்கலைக்கழகங்களிடம் கேட்பதற்கு வழியுண்டு. படிப்பை முடித்த 15 மாதங்களின் பின்னர் பட்டதாரிகள் என்ன செய்கின்றனர் என்று நாடு தழுவிய கணக்கெடுப்பு நடத்தப்படுகின்றது. உங்கள் கற்கைநெறிக்குரிய விவரத்தை, பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள். அனுசரணை விசா பெற்றவர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில். கற்கை முடிந்த பின்னர் இங்கு தங்கி வேலை தேடும் இரண்டாண்டு விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதங்களாகக் குறைக்கப்படுகின்றது. 2026 செப்ரெம்பரில் ஓராண்டுக் கற்கையைத் தொடங்கும் மாணவர் தமது கணக்கை அந்த 18 மாதங்களை வைத்தே போட வேண்டும்.