“சர்வர் டவுன்” என்ற பதில் போதாது

தேனி மாவட்டத்தில் காலையில் பேப்பரைப் பிரிப்பவர்கள் பலர், தலைப்புச் செய்தியைப் படிக்கும் முன்பே தேடுகிற சிறிய செய்தி ஒன்று உண்டு. பெரியாறு அணை இத்தனை அடி, வைகை அணை இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் பெரியாற்றுத் தண்ணீரை நம்பியுள்ளன. நாற்று விடலாமா, இன்னும் பொறுக்கலாமா என்ற பேச்சு அந்த எண்ணை வைத்துத்தான் நடக்கும். வைகை அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனியில் தொடங்கி ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களில் ஆற்றங்கரை மக்களுக்குத் தகவல் போய்விடும்.

இதே ஊர்க்காரர் ஒரு சான்றிதழுக்காகச் சேவை மையத்திற்குப் போகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். “சர்வர் டவுன் சார், நாளைக்கு வாங்க” என்று பதில் வரும். எந்த சர்வர்? எப்போதிலிருந்து? எப்போது சரியாகும்? கவுன்டரில் இருப்பவருக்கும் தெரியாது. பாவம், அவர் திரையிலும் அதே வெள்ளைப் பக்கம்தான். மேகமலையிலிருந்து சின்னமனூருக்கு பஸ் பிடித்து இறங்கி வருபவருக்கு அன்றைய கூலி போயிற்று, பஸ் கட்டணமும் போயிற்று. மறுநாள் வந்தால் வேலை முடியும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

அணையின் நிலையைத் தினமும் அறிவிக்க முடிகிற நாட்டில், ஒரு கம்ப்யூட்டரின் நிலையை அறிவிக்க ஏன் முடியவில்லை என்பதுதான் என் கேள்வி. இது பெரிய செலவு பிடிக்கும் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருபது வரி பிஎச்பி ஸ்கிரிப்ட் போதும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கும் புரியும்படி அது என்ன செய்கிறது என்று சொல்கிறேன்.

சர்வர் என்பது எங்கோ ஓரிடத்தில் இரவு பகலாக ஓடிக்கொண்டு, கேட்பவர்களுக்குத் தகவல் கொடுக்கும் கம்ப்யூட்டர். அதற்குப் பல வாசல்கள் உண்டு. இவற்றைப் போர்ட் என்பார்கள். ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் எண். வெப்சைட்டுக்கு 80, பாதுகாப்பான வெப்சைட்டுக்கு 443, மெயில் அனுப்ப 25, ஃபைல் ஏற்ற இறக்க 21. ஸ்கிரிப்ட்டில் ஒரு பட்டியல் எழுதி வைப்போம்: சேவையின் பெயர், சர்வரின் முகவரி, வாசல் எண். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வாசலாகப் போய்த் தட்டும். மூன்று நான்கு விநாடிகளுக்குள் திறந்தால் பச்சை, திறக்காவிட்டால் சிவப்பு. இதற்கென்றே பிஎச்பியில் எஃப்சாக்ஓப்பன் என்ற கட்டளை இருக்கிறது. ஆர்வம் உள்ளவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் சாம்ப் தொகுப்பை இலவசமாக நிறுவி, ஒரு மாலை நேரத்தில் இதைச் செய்து பார்த்துவிடலாம். உங்களுடைய வெப்சைட், உங்களுடைய மெயில் ஆகியவற்றை மட்டும் பட்டியலில் போடுங்கள். அடுத்தவர் சர்வரின் வாசல்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது முறையல்ல, வம்பும் கூட.

வாசல் திறந்திருந்தால் மட்டும் கடை நடக்கிறது என்று அர்த்தமில்லை. ஷட்டர் ஏறியிருக்கும், கல்லாவில் ஆள் இருக்க மாட்டார். வெப்சைட் திறக்கும், ஆனால் உள்ளே டேட்டாபேஸ் படுத்திருக்கும். ஆகவே நல்ல ஸ்கிரிப்ட் வாசலைத் தட்டுவதோடு நிற்காமல், ஒரு சிறு கேள்வி கேட்டுச் சரியான பதில் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். பார்த்த நேரத்தையும் பக்கத்தில் எழுத வேண்டும். “இன்று காலை 6 மணி நிலவரம்” என்ற வரி இல்லாவிட்டால் அணை நீர்மட்டச் செய்திக்கு என்ன மதிப்பு? நேற்றைய பச்சை விளக்கை இன்று காட்டுவதைவிட விளக்கே இல்லாமல் இருப்பது மேல்.

இன்னொன்று, நிலையைக் காட்டும் பலகை அதே சர்வரில் தொங்கக் கூடாது. இது பெரிய இடங்களிலேயே நடந்த கூத்து. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற சேமிப்புச் சேவை அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் சில மணி நேரம் நின்று போனது. பராமரிப்பின் போது ஓர் ஊழியர் தவறாக அடித்த கட்டளை, நினைத்ததைவிட அதிக சர்வர்களை நிறுத்திவிட்டது. எண்ணற்ற வெப்சைட்டுகள் முடங்கிக் கிடக்க, அமேசானின் நிலைப் பலகையோ சேவை ஒழுங்காக நடப்பதாகவே காட்டிக் கொண்டிருந்தது. காரணம், அந்தப் பலகையை மாற்றுவதற்கான ஏற்பாடும் அதே எஸ்3-ஐ நம்பித்தான் இருந்தது! கடைசியில் ட்விட்டரில்தான் தகவல் சொன்னார்கள்.

“நாங்கள் கோளாறை வெளியே சொன்னால் மக்கள் பதறுவார்கள்” என்று சர்வர் நடத்துபவர்கள் சொல்வதுண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சொல்லாமல் விட்டால்தான் பதற்றம், அந்தப் பதற்றம் சர்வரையே சாய்த்துவிடும். 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுவதும் யுபிஐ பணப்பரிமாற்றம் தடுமாறியது. டீக்கடையிலும் பெட்ரோல் பங்க்கிலும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். யுபிஐ-யை நடத்தும் என்.பி.சி.ஐ. பின்னர் காரணத்தை ஆராய்ந்தபோது வெளியான விஷயம் சுவையானது. “அந்தப் பணம் போயிற்றா, இல்லையா?” என்று நிலையைக் கேட்கும் விசாரணைகள் சில வங்கிகளின் பக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப வந்து குவிந்ததே நெரிசலுக்குக் காரணம். பிறகு இத்தகைய விசாரணைகளுக்கு வரம்பு கட்டினார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் ஓர் ஆப்பில் நாளொன்றுக்கு 50 முறைக்கு மேல் பேலன்ஸ் பார்க்க முடியாது என்ற விதி வந்ததும் இந்த வரிசையில்தான்.

நமது சிறு ஸ்கிரிப்ட்டுக்கும் இதில் பாடம் உண்டு. பக்கத்தை யார் திறந்தாலும் உடனே ஓடிப்போய் வாசலைத் தட்டும்படி எழுதாதீர்கள். ஆயிரம் பேர் பார்த்தால் ஆயிரம் தட்டு விழும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை பார்த்து, முடிவை ஒரு ஃபைலில் எழுதி வைத்து, வருபவர்களுக்கு அந்த ஃபைலைக் காட்டினால் போதும்.

என்.பி.சி.ஐ. செய்யும் ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். மாதந்தோறும் ஒவ்வொரு பெரிய வங்கியிலும் எத்தனை சதவீத யுபிஐ பரிமாற்றங்கள் தோற்றன என்று வெளியிடுகிறது. அதிலும் இரண்டு வகையாகப் பிரித்து. தவறான பின் நம்பர், கணக்கில் பணமில்லை போன்ற வாடிக்கையாளர் பக்கத்துக் காரணங்கள் ஒரு வகை. வங்கி அல்லது நெட்வொர்க் பக்கத்துக் கோளாறு இன்னொரு வகை. தவறு என்னுடையதா, அவர்களுடையதா என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் வேறில்லை. குறை ஒன்றுதான். மாதக் கணக்கு அடுத்த மாதம் வருகிறது. பெட்ரோல் பங்க்கில் நிற்பவருக்கு அது இந்த நிமிடம் வேண்டும்.

அந்தக் கேள்வியைப் புதிய கம்ப்யூட்டர்காரர்கள் தினமும் எதிர்கொள்கிறார்கள். ஒரு பக்கம் திறக்காவிட்டால் உடனே “என் கம்ப்யூட்டரில் வைரஸா?” என்று பயம். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்லிப் பணம் பார்ப்பவர்களும் உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று நம் நேரப்படி இரவு 9 மணிக்கு மேல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க மறைந்தன. அந்நிறுவனத்தின் சொந்தப் பராமரிப்பு வேலையில் நேர்ந்த பிசகு அது. நம்மவர்கள் மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டு என்ன பயன்?

ஆகவே, பலகைகள் வரும்வரை வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு முகவரியைக் கொடுங்கள். (1983-இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய புரோகிராம் இது. நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் எழுப்பும் ஒலியே இதன் பெயர்.) முதலில் உங்கள் ரவுட்டர். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. பதில் வராவிட்டால் கோளாறு வீட்டுக்குள்ளேயே, வயரையும் வைஃபையையும் பாருங்கள். அடுத்து 8.8.8.8, இது கூகுளின் முகவரி. ரவுட்டர் பதில் சொல்லி இது சொல்லாவிட்டால் இன்டர்நெட் கொடுப்பவரைக் கூப்பிடலாம். பிறகு ஏதாவது பிரபலமான வெப்சைட்டின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லையென்றால், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் சிக்கல். எல்லாம் சரியாக இருந்து, நீங்கள் தேடும் ஒரே ஒரு வெப்சைட் மட்டும் பிரவுசரில் திறக்கவில்லையா? பெரும்பாலும் தவறு அவர்கள் பக்கம். நிம்மதியாகக் காபி குடிக்கப் போகலாம். சில சர்வர்கள் பிங்குக்கு வேண்டுமென்றே பதில் சொல்வதில்லை, அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

நாம் இப்படித் துப்பறிவது சரி. சான்றிதழுக்கு வரிசையில் நிற்பவரிடம் பிங் அடிக்கச் சொல்ல முடியுமா? பொதுமக்கள் சேவை நடத்தும் ஒவ்வொரு சர்வருக்கும், வேறோர் இடத்தில் இருக்கும், போனிலேயே திறக்கக்கூடிய ஒரு தமிழ்ப் பக்கம் வேண்டும். எது நிற்கிறது, எத்தனை மணியிலிருந்து, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. மூன்று வரிதான். மலையிலிருந்து பஸ் ஏறும் முன்பு ஒருவர் அதைப் பார்த்துக் கொள்வார்.

அந்தப் பக்கம் பழைய சிவப்புகளையும் அழிக்காமல் தேதி, நேரத்துடன் வைத்திருக்க வேண்டும் என்பது என் இன்னொரு கோரிக்கை. உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளில் மூன்று மணி நேரம் சர்வர் நின்றது என்றால், தவறவிட்ட மாணவி அதைக் காட்டி அவகாசம் கேட்கலாம். இப்போதைக்கு அவள் காட்டக்கூடியது, எரர் வந்த திரையைச் செல்போனில் எடுத்த மங்கலான படம் மட்டுமே.