வலைச் சட்டகங்களும் வேகப் பந்தயமும்

வலைச் செயலிகளை ஆக்குவார் அடிதொட்டு அனைத்தையும் தாமே எழுதுவதில்லை. வேண்டுகையை ஏற்றல், தரவுத்தளத்தை வினாவுதல், பக்கத்தை ஆக்கல் முதலிய பொதுப்பணிகளுக்கென முன்னரே இயற்றப்பட்ட சட்டகங்களைத் துணைக்கொள்வர். 2004 இல் வெளிவந்த ரெயில்ஸ், 2005 இல் வெளிவந்த ஜாங்கோ என்பன இவ்வகையின. இவற்றுள் விரைவுடையது யாது என்னும் வினா, இத்தொழில் புரியும் நம் பழைய மாணவரிடை ஓயாது எழுகின்றது. தமிழாசிரியர்க்கு இதில் யாது வேலை என நகைப்பாருமுளர். கண்ணிமையும் கைந்நொடியுங் கொண்டு மாத்திரை அளக்கக் கற்பிப்பேம் நாம். காலத்தை அளத்தல் பற்றி நமக்கும் ஒரு சொல் உண்டு.

அமெரிக்க நிறுவனமாகிய டெக்எம்பவர், 2013 மார்ச்சு மாதத்தில் தன் ஒப்பீட்டுச் சோதனைகளின் முதற் சுற்றை வெளியிட்டது. பின்வந்த சுற்றுக்களிற் பெரிய எண்களைக் காட்டுவது வெற்றுரைச் சோதனை. "ஹலோ வேர்ல்ட்" என்னும் இரு சொற்களை அனுப்புதலன்றி அதிற் பிறிதொரு பணியுமில்லை. அன்றியும், மறுமொழிக்குக் காத்திராது ஒரே இணைப்பில் 16 வேண்டுகைகளை அடுக்கி அனுப்புவர். இன்றைய உலாவிகள் அவ்வாறு செய்வதில்லை. இவ்வெண்ணை நம்பி மருத்துவமனைக்குச் சட்டகந் தெரிதல், பாரமேற்றாத வண்டியில் மாட்டை ஓட்டிப் பார்த்து விலைபேசுதலையொக்கும். தரவுத்தளத்திலிருந்து வரிகளை எடுத்து, வரிசைப்படுத்திப் பக்கமாக்கும் "ஃபார்ச்சூன்ஸ்" சோதனை இதனினும் எவ்வளவோ மேல்.

ஒரு சட்டகம் தன் பணிக்கு 1 மில்லிசெக்கனும் மற்றொன்று 5 மில்லிசெக்கனுங் கொள்வன என்க. வெறுஞ் சோதனையில் முன்னது ஐம்மடங்கு விரைவுடையது. தரவுத்தளம் 100 மில்லிசெக்கன் கொள்ளுமாயின், 101க்கும் 105க்கும் உள்ள வேறுபாடே எஞ்சும். 100 மாணாக்கரின் பட்டியலுக்கு ஒரு வினாவும், அவரவர் வகுப்பை அறியத் தனித்தனி வினாவுமாக 101 வினா எழுப்பும் நிரலை எவ்வளவு விரைவான சட்டகமுங் காப்பாற்றாது.

சட்டகத்தால் வேறுபாடேயில்லை என்பது நம் கருத்தன்று. 2011 இல் டுவிட்டர் தன் தேடற்பகுதியின் முகப்பை ரெயில்சிலிருந்து ஜாவாச் சேவையகத்துக்கு மாற்றியபோது, காத்திருப்பு மூன்றிலொரு பங்காகக் குறைந்ததென அறிவித்தது. ஆயினும், அப்புதிய சேவையகம் பின்னணிச் சேவைகளை ஒன்றுக்காக ஒன்று காத்திராது ஒருங்கே வினாவுமாறு அமைக்கப்பட்டதென்பதையும் உடன்கூறல் வேண்டும்.

சராசரியும் நம்பத்தக்கதன்று. 99 பேர் 50 மில்லிசெக்கனிற் பக்கம் பெற, ஒருவர் 5 செக்கன் காத்திருப்பினும், சராசரி 100 மில்லிசெக்கனை எட்டாது. அவ்வொருவர் தேர்வுப் பெறுபேற்றை நோக்கி ஏங்கியிருக்கும் பிள்ளையாயின்? ஆதலின், பட்டியலோடு வருவாரிடம் நாம் கேட்பன இவை: சோதித்தது நம் உண்மைப் பக்கத்தையா? நூற்றுவருட் கடையவர் காத்திருந்தது எவ்வளவு? இதனை எழுதியவர் நீங்கியபின் பழுதுபார்க்க வல்லார் இங்கு யாவர்?