பரம வைரிகள் மோதினால் கணக்கு பொய்க்குமா?

2024 நவம்பர் 30 அன்று, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த ஓஹாயோ ஸ்டேட், சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13–10 எனத் தோற்றது. அந்தப் பருவத்தில் ஏற்கெனவே ஐந்து ஆட்டங்களைப் பறிகொடுத்திருந்த அணி மிச்சிகன். ஓஹாயோ ஏறத்தாழ 20 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயச் சந்தை கணித்திருந்தது. இப்படி ஒன்று நடந்தால் போதும், பரம வைரிகள் மோதும்போது பழைய கணக்கு எதுவும் செல்லாது என்ற பேச்சு கிளம்பிவிடும்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ராணுவ அகாடமியும் கடற்படை அகாடமியும் மோதும் ஆட்டத்தைப் போல உணர்ச்சி பொங்கும் ஆட்டம் அங்கே அபூர்வம். அதில் 2002 முதல் 2015 வரை தொடர்ந்து 14 முறை கடற்படையே வென்றது. அதே கடற்படை 1964 முதல் 2006 வரை நோட்டர் டேமிடம் 43 முறை வரிசையாகத் தோற்றது. மிச்சிகனையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2004 முதல் 2019 வரை ஓஹாயோவுடன் ஆடிய 16 ஆட்டங்களில் 2011இல் மட்டும்தான் ஜெயித்தது. வைராக்கியம் பலத்தை ஈடுகட்டும் என்றால், தோற்றவர்களிடம் அத்தனை ஆண்டுகளும் அது இல்லாமலா போயிற்று? வெறி இரு தரப்புக்கும் பொது. ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

அப்படியானால் அதிர்ச்சித் தோல்விகள் அடிக்கடி நேர்வதாக ஏன் தோன்றுகிறது? நவம்பர் கடைசி வாரத்தில் இத்தகைய ஆட்டங்கள் நாடெங்கும் கொத்தாக நடக்கின்றன. முப்பது ஆட்டங்கள், ஒவ்வொன்றிலும் பலவீனமான அணிக்குப் பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், எந்த மாயமும் இல்லாமலே மூன்று அதிர்ச்சிகள் விழும். மற்ற 27 ஆட்டங்களையும் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். அந்த மூன்றைப் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்வார்கள். 2013இல் முதலிடத்தில் இருந்த அலபாமாவை ஆபர்ன் வீழ்த்தியதும் இந்தப் பட்டியலில் தவறாமல் இடம்பெறும். ஆனால், ஆபர்ன் அப்போது தரவரிசையில் நான்காம் இடம். கடைசி நொடியில் கிறிஸ் டேவிஸ் மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பந்தோடு ஓடியதுதான் நம்ப முடியாதது. வென்ற அணி அப்படியொன்றும் எளிய அணி அல்ல.

உண்மையான அதிர்ச்சி 2007இல் நடந்தது. வென்றால் தேசிய இறுதிப் போட்டி என்ற நிலையில் இருந்த வெஸ்ட் வர்ஜீனியா, ஏழு தோல்வி கண்டிருந்த தன் பரம வைரி பிட்ஸ்பர்கிடம் 13–9 என வீழ்ந்தது. அதன் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் பேட் ஒயிட்டின் கட்டைவிரலில் அடி; உதைத்த இரண்டு ஃபீல்டு கோல்கள் தவறின. பகைமையா அந்த உதைகளைத் திசைதிருப்பியது?

2024 ஆட்டத்தையும் இப்படித்தான் நெருங்கிப் பார்க்க வேண்டும். மிச்சிகன் தடுப்பு வரிசையின் நடுவில் நின்றவர்கள் மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும். அடுத்த ஆண்டே தொழில்முறை அணிகள் இருவரையும் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டன. எதிரே ஓஹாயோவின் சென்டர் ஆட்டக்காரர் அந்த மாதம்தான் காயத்தால் விலகியிருந்தார். அப்படியிருந்தும் ஓஹாயோ திரும்பத் திரும்ப நடுவிலேயே பந்தை எடுத்து ஓடியது. ஆட்டம் முழுக்கப் பந்தோடு ஓடியதில் 77 கெஜம்தான் கிடைத்தது. அங்கேயும் ஓஹாயோவின் இரண்டு ஃபீல்டு கோல்கள் தவறின. தோற்றதோ மூன்றே புள்ளியில். ஏழு வாரம் கழித்து அதே ஓஹாயோ தேசியக் கோப்பையை வென்றது. கணக்கு அந்த அணியைத் தவறாக எடைபோடவில்லை. மிச்சிகனின் அந்த இருவர் செய்த வேலையைப் பகையின் மாயம் என்று சொல்வதுதான் பெரிய அநியாயம்.

பகைமை தருவது ஒன்று உண்டென்றால், எதிராளியைப் பற்றிய ஆழமான அறிவு. 1969இல் தொடர்ந்து 22 ஆட்டங்களை வென்றிருந்த ஓஹாயோவை மிச்சிகன் 24–12 எனச் சாய்த்தபோது, மிச்சிகனின் புதிய பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர். ஓஹாயோ பயிற்சியாளர் வுடி ஹேயஸிடம் ஆட்டக்காரராக இருந்தவர், பிறகு அவருக்கே உதவிப் பயிற்சியாளராக வேலை பார்த்தவர். ஹேயஸ் எப்படி யோசிப்பார் என்பது அவருக்கு அத்துப்படி.