அடியில் சிக்கும் நூல்



இடம்பெயர்ந்தபோது கையோடு கொண்டுவந்த தாயாரின் நூற்சீலையை வெட்டிப் பிள்ளைக்குத் துண்டுப் போர்வை தைக்கத் தொடங்கினார் ஒரு சகோதரி. துணியின் அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகச் சிக்கியது. பிரித்துப் பிரித்துத் தைத்ததில் சில துண்டுகள் நைந்தன. “மெஷின் பழுது” என்று மூலையில் வைத்துவிட்டார்.

அடியில் சிக்கினால் நாம் பொபினைக் குறை சொல்வோம். பெரும்பாலும் காரணம் மேல்நூலே. துணியை அமுக்கும் பாதத்தை உயர்த்திவைத்து, மேல்நூலைக் கழற்றி மீண்டும் கோர்த்துவிடுங்கள். பாதம் இறங்கியிருந்தால் இறுக்கத் தட்டுகளுக்கிடையே நூல் சரியாக அமராது. மழுங்கிய ஊசியையும் மாற்றுங்கள். மெல்லிய பழஞ்சீலைக்கு 11ஆம் இலக்க ஊசியும், சாதாரண பருத்தித் துணிக்கு 14ஆம் இலக்க ஊசியும் பொருந்தும்.

பின்னர் மேலே சிவப்பு, பொபினில் வெள்ளை நூலிட்டு, கழிவுத் துணியை இரண்டாக மடித்துத் தைத்துப் பாருங்கள். அடியில் சிவப்பு வளையம் தெரிந்தால் மேல்நூலின் இறுக்கத்தைச் சற்றுக் கூட்டுங்கள்.

நூலைத் திரும்பக் கோர்த்ததுமே அச்சகோதரியின் மெஷின் ஒழுங்காகத் தைத்தது. மீதித் துண்டுகள் சிறு போர்வைக்குப் போதுமாயிருந்தன. தாயின் சீலை கடையில் கிடைக்காது. ஆகவே முதல் தையலைக் கழிவுத் துணியிலேயே போடுங்கள்.